தண்ணீர் வற்றிய மாதங்களில் தீ

ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை அடைத்தால், கணக்குப்படி அடுத்த தண்ணீர் ஜூன் 12-ல்தான். அணையின் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். ஆனால் இடைப்பட்ட இந்த நாலரை மாதத்தில்தான் காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெற்பயிர்கள் அறுபடுகின்றன. வயலில் அறுத்த பின் நிற்கும் தாள், களத்தில் வைக்கோல், வரப்பில் புல், வாய்க்காலில் கோரையும் நாணலும் என்று எல்லாம் சருகாகி நிற்கின்றன. எரியக்கூடியது சேரும் காலமும் அணைக்கத் தண்ணீர் இல்லாத காலமும் டெல்டாவில் ஒன்றுதான். தீ பற்றிய விதிகள் எல்லாம் தீ பிடித்த பிறகு வேலை செய்பவை. அதற்கு முந்தைய வேலை தூரமும் காற்றும் தண்ணீரும் பார்ப்பது. அதை எந்தத் துறையும் நமக்காகச் செய்து தராது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். "வி.ஏ.ஓ.கிட்ட சொல்லிட்டுத்தான் கொளுத்தினேன்" என்பார்கள். வயலில் தாளைக் கொளுத்த அனுமதிச் சீட்டு தரும் அலுவலகம் இங்கே கிடையாது. வி.ஏ.ஓ.வுக்கோ ஊராட்சித் தலைவருக்கோ அப்படி ஓர் அதிகாரமும் இல்லை. அவர்களிடம் சொல்லிவைத்தால் நாளைக்கு அவர்கள் சாட்சியாகலாம், அவ்வளவுதான். இருப்பதெல்லாம் சில தடைகளும், தீ கைமீறினால் தலையில் விழும் பொறுப்பும்.

பொறுப்பு எங்கிருந்து வருகிறது என்றால், 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதிலாக நடப்பில் உள்ள குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலிருந்து. நெருப்பைப் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாகக் கையாண்டால் 287-ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இ.பி.கோ. 285-தான் இது. சேதம் வரும் என்று தெரிந்தே பிறர் சொத்துக்கோ விளைபொருளுக்கோ தீ வைத்தால் 326-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. எரிந்தது குடியிருக்கும் வீடாக இருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது "தெரிந்தே" என்ற ஒரு சொல். பக்கத்து வயலில் அறுக்காத கதிர் நிற்கும்போது, வீசுகிற காற்றில் தீப்பெட்டியை உரசியவர், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது சுலபமில்லை. நஷ்டத்துக்கான உரிமையியல் வழக்கு தனி.

இரண்டு ஏக்கருக்குக் கீழ் 5,000, ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 என்று செய்திகளில் வரும் அபராதப் பட்டியல் டெல்லி வட்டாரத்துக்கும் அதை ஒட்டிய மாநிலங்களுக்கும் 2024 நவம்பரில் உயர்த்தப்பட்டது. தஞ்சாவூர் விவசாயிக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. குப்பை கொளுத்துவது வேறு கதை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22-ல் போட்ட உத்தரவு நாடு முழுவதுக்கும்: சாதாரணமாகக் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000. வேதாரண்யம் பக்கத்தில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்குள் தீ வைப்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அடியோடு தடுக்கிறது. எல்லையை ஒட்டிய தோப்பில் மட்டையைக் கொளுத்தி, பொறி உள்ளே பறந்தாலும் கேள்வி நம்மிடம்தான் வரும்.

பக்கத்து மனைக்காரர் தினமும் புகை போடுகிறார், வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கோல் போர் போட்டிருக்கிறார் என்றால் காவல் நிலையம் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். கோட்டாட்சியரிடம் பொதுத் தொல்லை என்று மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. படமும் தேதியும் தூரமும் எழுதிக் கொடுத்த மனு நகரும். வெறும் புலம்பல் மனு கோப்பிலேயே தூங்கும்.

இனி வயல். டெல்டாவில் எல்லாரும் தாளை எரிப்பதில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதைத்த உளுந்தும் பயறும் தாளுக்குள் முளைத்து நிற்கும்போது யார் தீ வைப்பார்கள்? எரிவது உளுந்து போடாத வயல், பருத்திக்குத் தயாராகும் வயல், குறுவை அறுத்த கையோடு அடுத்த நடவுக்கு அவசரப்படும் வயல். அறுவடை மிஷின் ஒரு சாண் தாளை நிறுத்திவிட்டு, வைக்கோலை வரிசையாகக் கொட்டிக்கொண்டு போகிறது. கையால் அடியோடு அறுத்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

தீ கைமீறுவதற்குப் பெரும்பாலும் காற்று திரும்புவதுதான் காரணம். பங்குனி, சித்திரையில் காலைக் காற்று அசையாமலோ, மேற்கிலிருந்து மெல்லவோ இருக்கும். நண்பகல் தாண்டினால் கடல்காற்று ஏறும். வேதாரண்யம், நாகை பக்கம் முன்னதாக, மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் பிந்தி. பதினோரு மணிக்கு, மேற்கிலிருந்து வரும் காற்றைக் கணக்கு வைத்துப் போட்ட தீ, ஒரு மணிக்கு வந்த வழியே திரும்பும். இரண்டாவது காரணம் வரப்பு. வயல் எரிந்து முடிவதற்குள் வரப்பில் காய்ந்த புல் தீயை அடுத்த வயலுக்குக் கொண்டுபோய்விடும். மூன்றாவது, வரப்பில் நிற்கும் பனை. கழிக்காமல் தொங்கும் காவோலையில் தீ ஏறினால் பந்தம் மாதிரி எரிந்து, துண்டு துண்டாகப் பறந்து எங்கோ கூரையில் போய் விழும். பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எரிக்காதீர்கள் என்பதுதான் எங்கள் பேச்சு. ஆனாலும் எரிப்பவர்கள் எரிக்கத்தான் செய்கிறார்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். நாலு பக்கமும் மூன்று மீட்டர் அகலத்துக்கு உழுது மண்ணைப் புரட்டாத வயலில் தீ வைப்பது சூதாட்டம். தீயைக் காற்று போகும் பக்கத்து ஓரத்திலிருந்து தொடங்கினால் அது காற்றை எதிர்த்து மெல்லத்தான் நகரும். காற்று வரும் பக்கத்தில் வைத்தால் ஓடும், ஆளால் பின்தொடர முடியாது. விசைத்தெளிப்பானில் தண்ணீரோடு நிற்பவர், முந்திய நாள் அதில் களைக்கொல்லி இருந்ததா என்று பார்த்துக் கழுவிவிட்டு நிற்கட்டும். மின்மாற்றி, மோட்டார் கொட்டகை, எண்ணெய்க் குழாய் போகும் குறியீட்டுக் கற்கள் இவற்றின் அருகே எந்தக் காரணத்துக்கும் கூடாது. குத்தாலம், திருவாரூர் வட்டாரங்களில் வயலுக்கு அடியில் குழாய்கள் ஓடுகின்றன. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்ததும் அங்கே தீ எரிந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். புகைக்கு ஒரு வினோதம் உண்டு. காற்று அடங்கிய விடியலும் அந்தியும் தீக்குப் பாதுகாப்பான நேரம் மாதிரி தெரியும். ஆனால் அப்போது புகை மேலே போகாமல் சாலையில் படுத்துக்கொள்ளும். பனியோடு சேர்ந்தால் எதிரே வரும் லாரி தெரியாது.

தாளடி என்ற பெயரிலேயே தாள் இருக்கிறது. தாளை மடக்கி உழுது அதன்மேல் நட்ட ஊர் இது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து இருக்கிறது. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் காற்றில் போகும். மற்றவற்றிலும் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்று போகும். மடக்கி உழுவதில் பலர் தோற்பது ஒரே இடத்தில்: ரோட்டவேட்டர் ஓட்டிய மூன்றாம் நாளே நட்டுவிடுகிறார்கள். வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, நாற்று மஞ்சளிக்கும். "தாளை உழுதேன், பயிர் போச்சு" என்று அடுத்த வருடம் தீப்பெட்டியைத் தேடுவார். தண்ணீர் கட்டி உழுது இரண்டு வாரம் விடுங்கள். இடைவெளி கிடைக்காவிட்டால் அடியுரத்தில் யூரியாவைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெளியே குவித்து மக்கவைப்பதானால் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்ற நுண்ணுயிர்க் கலவையை ஒரு டன்னுக்கு 2 கிலோ, 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளிக்க வேண்டும். வைக்கோல் கட்டும் மிஷின் கிடைக்கும் ஊரில் உருளையாகக் கட்டி விற்பதே லாபம். கரும்புச் சோகைக்கும் இதே பேச்சுதான்: வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கட்டைப் பயிரில் பார் இடையே பரப்பிவிட்டால் ஈரமும் நிற்கும், களையும் அடங்கும்.

வைக்கோல் வண்டி பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் தீ ஊருக்குள்ளேயே ஓடி வருகிறது. ஒரு சின்னக் கணக்கு. வயல்வெளியில் போகும் தாழ்வழுத்த மின்கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டருக்குக் குறையக் கூடாது. சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 5.8 மீட்டர். டிராக்டர் டிரெய்லரின் தளம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். அதன்மேல் மூன்று மீட்டர் வைக்கோல் ஏற்றி, உச்சியில் ஓர் ஆள் நின்றால் ஐந்தரை மீட்டர் தாண்டிவிடும். விதிப்படி நிற்கும் கம்பியே வயலில் தலையில் இடிக்கும். தொய்ந்த கம்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு கம்பிகள் உரசி விழும் ஒரு பொறி போதும், பாரம் முழுவதும் நிமிடக் கணக்கில் பற்றிக்கொள்ளும்.

ஆகவே பாரத்தைத் தளத்துக்கு மேல் இரண்டு மீட்டரோடு நிறுத்துங்கள். இரண்டு நடை ஆனாலும் பரவாயில்லை. மேலே ஆள் உட்காரக் கூடாது. மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிட்டு வண்டியை நகர்த்துவது ஊர் வழக்கம். காய்ந்த மூங்கில் என்று நம்பிச் செய்கிறார்கள். பனி நனைத்த கழியில் மின்சாரம் பாயும். போகும் வழியை முந்திய நாள் நடந்து பார்த்து, தொய்ந்த இடத்தைக் கம்ப எண்ணோடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987-ல் பதிவு செய்து, பதிவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு வரும் நாளில் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. பாரத்தில் தீ பிடித்தால் ஓட்டுநர் முதலில் செய்ய வேண்டியது வண்டியைக் கூரைகளிலிருந்து வெட்டவெளிக்குக் கொண்டுபோவது. முடிந்தால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் காப்பாற்றலாம். கம்பி அறுந்து வண்டிமேல் கிடந்தால் இறங்கவே கூடாது. தீயால் இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு காலும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

அடுத்தது போர். யாரும் தீ வைக்காமலே வைக்கோல் போர் எரியும் என்றால் பலர் நம்புவதில்லை, யாரோ பகையாளி என்பார்கள். குறுவை அறுப்பு மழையோடு வருவதால் இது டெல்டாவுக்கே உரிய தொல்லை. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வைக்கோலை அழுத்தி அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு 60, 70 டிகிரிக்கு ஏறும். அதற்கு மேல் நுண்ணுயிர் செத்துவிடும், சூடு சாகாது. வைக்கோலே மெல்லக் கருகத் தொடங்கும். அடுக்கிய இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை கவனிக்க வேண்டிய காலம். விடியலில் போரின் உச்சியில் ஆவி, புளித்த வாடை மாறிக் கருகிய வெல்ல வாடை, ஓர் இடம் மட்டும் உள்வாங்குவது, இவை அறிகுறிகள்.

சோதிக்க ஒரு நீள இரும்புக் கம்பி போதும். போரின் நடுவரை செருகி, இருபது நிமிடம் விட்டு உருவுங்கள். கையில் பிடித்து வைத்திருக்க முடிந்தால் தாழ்வில்லை. பிடிக்க முடியாமல் கையை உதறினால் ஆபத்து. அப்போது பதறிப் போரைப் பிரிப்பதுதான் பெரிய தவறு. உள்ளே காற்றில்லாமல் கனன்றதற்குக் காற்று கிடைத்தால் கண்முன்னே தீ எழும். மேலே ஏறி நிற்பவர் கருகிக் குழிந்த இடத்தில் உள்ளே விழவும் கூடும். முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, தண்ணீர்க் குழாய் கையில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். இதெல்லாம் வராமல் இருக்க, ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பாருங்கள்: சடசடவென்று ஒடிந்தால் அடுக்கலாம், கயிறு மாதிரி திரிந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். அடியில் பனங்கட்டை போட்டுத் தூக்கி அடுக்குங்கள். ஒரு பெரிய போரைவிட இடைவெளி விட்ட இரண்டு சின்னப் போர் நல்லது. வீட்டுக்கும் போருக்கும் 15 மீட்டர் என்பது எங்கள் கணக்கு. மனை சின்னது என்பவர்கள் குறைந்தது மேல்காற்று வீசும் திசையில், அதாவது வீட்டுக்கு மேற்கே, போர் போடாமல் இருக்கலாம்.

கீற்றைப் பற்றிச் சொல்லும்போது மூன்று நாட்களைத் தவிர்க்க முடியாது. 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் எரிந்து, தீயிலும் நெரிசலிலும் இறந்தவர்கள் 40-க்கும் மேற்பட்டோர். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்து மாடியில் போட்ட கீற்றுப் பந்தல், மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்துத் தீ கூரைக்கு ஏறி, ஒடுங்கிய படிக்கட்டில் இறங்க முடியாமல் 94 குழந்தைகள். மூன்றும் காவிரிப் படுகைதான், மூன்றிலும் தலைக்கு மேலே கீற்று. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்பது கறாரானது. வீடுகளிலும் மண்டபங்களிலும் அது நம் பொறுப்பாகவே இருக்கிறது.

கூரை வீட்டில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் அபாயம் பிளெக்ஸ் பேனர். ஒழுகலுக்காகக் கீற்றுக்கு அடியில் பேனரையோ தார்ப்பாயையோ விரிக்கிறார்கள். கீற்று மட்டும் எரிந்தால் தீ மேலே போகும். பேனர் எரிந்தால் உருகிச் சொட்டுச் சொட்டாகத் தூங்குபவர் மேல் விழும். ஒழுகலுக்கு வேறு கீற்று வேய்வதுதான் மருந்து. அடுப்புக்கு நேர் மேலே கீற்றிலிருந்து ஒரு சாண் இறக்கித் தகரம் ஒன்றைக் கட்டுங்கள், பொறி அதில் மோதித் திரும்பும். சாம்பலைத் தண்ணீர் தெளித்த பிறகே குப்பைக்குழிக்குக் கொண்டுபோங்கள். இரவில் செத்துவிட்டதாக நினைத்த கங்கு, ஆடிக்காற்றில் விடியும்முன் உயிர்த்தெழும். ஒரு விளக்குக்காகக் கொடுத்த குடிசை மின் இணைப்பில் மின்விசிறி, டிவி, மிக்ஸி எல்லாம் ஓடுகின்றன. ஒயரைக் கீற்றுக்குள் செருகாமல் குழாயில் போட்டு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்று வைத்தால் எலி கடித்தாலும் தப்பலாம். கேஸ் ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கசிவென்றால் 1906.

பந்தல்காரர்களிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். கூரை 3 மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, மின்கம்பிக்கு அடியில் இல்லையா, எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு வழி இருக்கிறதா, அந்த வழியில் சமையல் பாத்திரமோ ஜெனரேட்டரோ அடைத்துக்கொண்டு நிற்கவில்லையா. போகிக்கு டயர் எரிப்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகளே இப்போது திட்டுகிறார்கள். சொக்கப்பனையை மட்டும் கூரைகளுக்கு அப்பால் நடுங்கள்.

தீ பிடித்தால் 101 அல்லது 112. மாவட்டம், வட்டம், ஊராட்சி, தெரு, எந்த ஊர்ப் பக்கமிருந்து நுழைய வேண்டும், வழியில் மதகுப் பாலம் சுமை தாங்குமா, எரிவது என்ன, எங்கே தண்ணீர் இருக்கிறது, இத்தனையும் சொல்லுங்கள். ஓர் ஆள் பிரதான சாலையில் போய் நிற்க வேண்டும். வழக்கமான தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர். ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்தே நிமிடம். பிறகு குளம் வேண்டும், சித்திரையில் குளம் காய்ந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே என்றால், தீ என்றதும் முதலில் செய்வது மின்சாரத்தை நிறுத்துவது. மோட்டார் ஓடாது. அதனால் ஊருக்கு ஒரு டீசல் எஞ்சின், அதற்குப் பொருந்தும் குழாய், எப்போதும் நிறைந்த ஒரு தொட்டி, மாசி பிறக்கும் முன் தயாராக இருக்க வேண்டும். கூரை எரியும்போது எரியும் வீட்டைவிடக் காற்றின் போக்கில் உள்ள அடுத்த இரண்டு கூரைகளைக் காப்பாற்றுவதில்தான் ஆட்களை நிறுத்த வேண்டும். ஈரச்சாக்கைப் போர்த்துங்கள். நேரமில்லை என்றால் துரட்டியால் கீற்றை இழுத்துத் தள்ளி வெற்றிடம் செய்யுங்கள். உள்ளே சிலிண்டர் தீயில் மாட்டிவிட்டால் அருகே போக வேண்டாம். சுட்ட கையில் மாவும் இங்க்கும் பூசாமல் இருபது நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு 108.

அணைந்த பிறகு சாம்பலை அள்ளும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். தீயணைப்பு நிலைய அலுவலரிடம் தீ அறிக்கைக்கு எழுதிக் கொடுங்கள். காவல் நிலைய ரசீதும் வி.ஏ.ஓ. அறிக்கையும் இருந்தால்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிவாரண மனு நகரும். பயிர்க் காப்பீட்டில் தீ என்றால் மின்னல் போன்ற இயற்கைத் தீதான் கணக்கு, பக்கத்து வயல்காரர் வைத்த தீ சேராது. அதற்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். எத்தனை மூட்டை நெல், எத்தனை உருளை வைக்கோல், எந்த சர்வே எண் என்பதை அன்றைக்கே எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.